குடலில் ஒரு தழும்பு

மார்ச் 3, திங்கள்

நாளை பேருந்து ஓட்டப் போவதில்லை. பதினேழு வருடத்தில் முதல் முறையாக உடம்பைக் காரணம் சொல்லி விடுப்பு. டிப்போவில் வருடா வருடம் எடுக்கும் பரிசோதனையில் மலத்தில் ரத்தம் என்று வந்தது. குழாய் விட்டுப் பார்த்தார்கள். பெருங்குடலில் பாலிப் என்கிற சதை வளர்ச்சி, நாலு சென்டிமீட்டர். பார்த்தால் புற்றுநோய் மாதிரி இல்லையாம், விட்டுவைத்தால் ஆகலாமாம். வயிற்றைக் கிழிக்காமல் குழாய் வழியாகவே எடுத்துவிடுவார்கள்.

மாலையில் இரண்டு லிட்டர் பேதி மருந்து. உப்புத் தண்ணீருக்கு எலுமிச்சையைத் தூரத்திலிருந்து காட்டிய ருசி. கட்டிலுக்கும் கழிவறைக்கும் நடுவே நான் அடித்த டிரிப்பில் என் பதினாலாம் நம்பர் வண்டியே தோற்றுப்போகும். வீட்டுக்காரர் கதவுக்கு வெளியே நின்று, "அடுத்த ஸ்டாப் எங்கேம்மா?" என்கிறார். வெளியே வந்ததும் இருக்கிறது இவருக்கு.

மார்ச் 5

முடிந்தது. டாக்டர் என்னைவிடச் சின்னவள். காகிதத்தில் படம் போட்டுக் காட்டினாள்.

"பெருசா இருந்ததால ஒரே துண்டா எடுக்க முடியல, அஞ்சு துண்டா எடுத்தேன். ஓரத்துல கண்ணுக்குத் தெரியாம கொஞ்சம் ஒட்டிக்கிட்டிருந்தாக்கூடத் திரும்ப வளரும். அதனால ஓரம் முழுக்கச் சூடு வச்சிருக்கேன்."

"அப்போ இனிமே வராதுல்ல?"

"வர்ற வாய்ப்பு ரொம்பக் குறைஞ்சிருக்கு. வரவே வராதுன்னு சொல்ல மாட்டேன். ஆறு மாசத்துல அந்தத் தழும்பை நான் பார்த்தாகணும். கூடப் பிறந்தவங்க இருந்தா அவங்களும் ஒரு தடவை பார்த்துக்கட்டும்."

இருக்கிறாளே, அக்கா. மாடி வீட்டில்.

மார்ச் 9

அக்காவிடம் சொன்னேன். தையல் மிஷினை நிறுத்தாமலே கேட்டாள். "எனக்கு என்னடி கேடு? கல்லைத் தின்னாலும் செரிக்கும். அந்த வழியா குழாயா? சீ, போடி." அதோடு பேச்சு முடிந்தது.

மார்ச் 24

எடுத்த துண்டுகளைச் சோதித்த முடிவு வந்துவிட்டது. புற்றுநோய் இல்லை! மறுபடி வண்டி எடுத்தேன். கிளட்சை மிதித்ததும் பாதி உடம்பு சரியாகிவிட்டது.

செப்டம்பர் 2

இன்றுதான் ஆறாம் மாதப் பரிசோதனை. போகவில்லை. டிப்போவில் இரண்டு டிரைவர்கள் விடுப்பு. மேனேஜர், "நீங்கதான் காப்பாத்தணும்" என்றார். தலையில் ஐஸ் வைத்தால் எனக்குப் பிடிக்கும். வீட்டில், ஆஸ்பத்திரியில் தேதியை மாற்றிவிட்டார்கள் என்று சொல்லிவைத்தேன்.

செப்டம்பர் 16

புதுத் தேதியும் போயிற்று. இந்த முறை மேனேஜர் கேட்கக்கூட இல்லை. நானே போய் டியூட்டிக்கு நின்றேன்.

செப்டம்பர் 23

மாட்டிக்கொண்டேன். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த போனை இவர் எடுத்துவிட்டார். கத்தவில்லை. காய்ந்த துணியை மடித்துக்கொண்டே இருந்தார். என் யூனிஃபார்ம் சட்டையை மட்டும் நாலு தடவை பிரித்துப் பிரித்து மடித்தார். அப்புறம் சொன்னார்: "வண்டிக்கு வேற ஆள் கிடைப்பாங்கம்மா. எனக்கு?"

ஐயோ, நான் போகாததுக்குக் காரணம்? டிப்போவும் இல்ல, மேனேஜரும் இல்ல — பயம். பார்க்காத வரைக்கும் நான் நல்லா இருக்கேன்ல? பார்த்து, திரும்ப வந்திருக்குன்னு சொல்லிட்டா? இவ்வளவுதான் விஷயம். ஐம்பத்திரண்டு வயசுல இதை எழுதவே வெட்கமா இருக்கு.

அக்டோபர் 2

போனேன். தழும்பின் ஓரத்தில் நாலு மில்லிமீட்டருக்கு ஒன்று மறுபடி முளைத்திருந்தது. மிளகளவு. அப்போதே எடுத்து, அந்த இடத்தில் சூடும் வைத்துவிட்டாள். பத்தே நிமிடமாம்.

"பயந்துட்டீங்களா?" என்றாள். "இதுக்குத்தான் வரச் சொன்னேன். சின்னதா இருக்கும்போதே பிடிச்சா இவ்வளவுதான் வேலை. விட்டிருந்தா மறுபடி முதல்லேர்ந்து ஆரம்பிக்கணும். ஆறு மாசத்துல இன்னொரு தடவை பார்த்துடலாம்."

கூட்டிப்போக அக்கா வந்திருந்தாள். படியேறும்போது, "மயக்க ஊசி போட்டதும் நிஜமாவே ஒண்ணும் தெரியலையாடி?" என்றாள். தெரியலை என்றேன். அதற்குமேல் நான் எதுவும் பேசவில்லை. நான் வாயை மூடிக்கொண்டிருந்ததை இவர் நம்பவே இல்லை.

ஏப்ரல் 8

போன வாரம் எனக்குப் பார்த்தார்கள். தழும்பு சுத்தம். மயக்கம் தெளிந்ததும் படத்தைத் திரையில் நானே பார்த்தேன்: வெளிர் நிறத்தில் ஒரு கோடு, சுற்றிலும் ஒன்றுமில்லை.

இன்று அக்காவின் முறை. அவளே தேதி வாங்கியிருக்கிறாள். நேற்றுத்தான் என்னிடம் சொன்னாள். டிப்போவில் ஷிஃப்ட் கேட்டார்கள், முடியாது என்று சொல்லிவிட்டேன்.

நர்ஸ் பெயரைக் கூப்பிட்டதும் அக்கா மூக்குக் கண்ணாடியைக் கழற்றி என் கையில் வைத்தாள். அது இல்லாமல் அவளுக்கு எதிரே நிற்பது ஆளா தூணா என்றே தெரியாது. நான் நின்ற பக்கத்தைக் குத்துமதிப்பாகப் பார்த்து, "எங்கேயும் போயிடாதடி" என்றாள்.

முக்கால் மணி நேரம் அந்த நாற்காலியை விட்டு நான் எழவில்லை.

சின்னதாக இரண்டு இருந்தன. எடுத்தாயிற்று.