அண்ணா கேட்காமல் போன துவக்கு

கையுறை சட்டைப்பைக்குள் கிடக்க, கையை வாயால் ஊதி ஊதிச் சூடாக்கிக்கொண்டு திரிந்த என் அருமை அண்ணாவுக்கு,

முதலில் புதினத்தைச் சொல்லிவிடுகிறேன். நான் ஒரு வேட்டைத் துவக்கு வாங்கிவிட்டேன்.

சிரிக்கிறீர்கள், தெரியும். இந்தப் பனி நாட்டுக்கு வந்த பிறகும், மல்வேர்னில் யாராவது கார்க்கதவை ஓங்கிச் சாத்தினாலே கையில் இருக்கிற கரண்டியைக் கீழே போடுகிறவள் நான். அந்த மணிதான் வாங்கினாள். எந்தத் துவக்கு என்று சொன்னால் உங்கள் சிரிப்பு நின்றுவிடும். கடைக்காரர் முதலில் எடுத்துக் காட்டினாரே, அந்த முந்நூற்றெட்டு. நீங்கள் வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்த அதே ரவை அளவுத் துவக்கு. ஏன் வாங்கினேன் என்று உங்களிடம் சொல்லாவிட்டால் எனக்கு நித்திரை வராது, அதுதான் எழுதுகிறேன்.

எல்லாம் கென் தந்த ஒரு துண்டு இறைச்சியால் வந்த வினை. பிறம்ரன் வெயர்ஹவுஸில் உங்களோடு லொறிக்குச் சாமான் ஏற்றுகிற அந்த ஆறடி மனிதர், வடக்கே காட்டுக்குப் போய்ச் சுட்ட மூஸ் மான் இறைச்சியைக் கடதாசியில் சுற்றித் தந்தார். அண்ணி அதை வறுத்த தூள் போட்டுப் பிரட்டி வைத்தார். நீங்கள் கடைசியில் சட்டிக்குள்ளேயே சோற்றைப் போட்டுப் பிசைந்தீர்கள்.

"வன்னியில மரை இறைச்சி திண்டதுக்குப் பிறகு இப்பதான் பிள்ளை இறைச்சி திண்டமாதிரிக் கிடக்கு," என்றீர்கள். அந்தச் சட்டி கழுவி முடிய முன்னமே, அடுத்த வேட்டைக் காலத்துக்குக் கென்னோடு போவதென்று முடிவாகிவிட்டது.

அஜின்கோர்ட்டில் மீன் வாங்கப் போன இடத்தில் உங்கள் கூட்டாளிகள் விட்டுவைத்தார்களா? "துவக்குக்குப் பயந்து ஓடி வந்த மனிசன், இப்ப தானே போய்த் துவக்கு வாங்கப்போறார்," என்று ஒருவர் தொடங்க, கடையே சிரித்தது. நீங்கள் விளைமீனைத் திருப்பிப் பார்த்தபடி, "அங்க என்னைத் தேடினவங்கள். இஞ்ச நான் மூஸைத் தேடுறன். வித்தியாசம் இருக்கடாப்பா," என்றீர்கள். உங்கள் வாயை யாரால் வெல்ல முடியும்?

துவக்குக் கடைக்கு என்னை இழுத்துப் போனது ஆங்கிலம் கதைக்க. கடைக்காரர் உங்கள் மெலிந்த தோளை ஒருதரம் பார்த்துவிட்டு, பற்றைக்காட்டுக்குள் கிட்ட நின்று சுடுவதென்றால் முந்நூற்றெட்டு போதும், தோளை அதிகம் இடிக்காது என்றார். பிறகு, விலைப்படட்டும் என்று நினைத்தாரோ என்னவோ, கன நாட்டு இராணுவங்களும் இந்த அளவு ரவையைத்தான் பாவித்தன என்று பெருமையாகச் சொல்லி, ஒன்றை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார்.

எனக்கு அந்த ரவையைத் தெரியும். உங்களுக்கும் தெரியும். நுனிச் சன்னத்தைக் கழற்றிவிட்டால், எங்களைப் பெற்ற ஐயா கிடந்த இடத்தில் நாங்கள் பொறுக்கிய வெற்றுக் கோது அது. ஆமி எஸ்.எல்.ஆர். துவக்கோடு றோட்டில் நின்ற காலம். ஊரடங்கு நேரம் என்று பாராமல், கயிறு அறுத்துப் போன மாட்டைப் பார்க்கப் படலையைத் திறந்தவர் ஐயா. காலையில் பட்ட வெடி. மத்தியானம் வரைக்கும் படலையடியில் கிடந்து தண்ணீர் கேட்டார். வெளியில் கால் வைத்தால் எங்களுக்கும் வெடிதான். அம்மா உங்களை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தா. நான் காதைப் பொத்திக்கொண்டேன். நீங்கள் பொத்தவில்லை.

நீங்கள் என் கையிலிருந்து அந்த ரவையை மெல்ல எடுத்து மேசையில் வைத்தீர்கள். "உது வேண்டாம். என்ர தங்கச்சி இருக்கிற வீட்டுக்கை உது வேண்டாம்." அதை நான் மொழிபெயர்க்கவில்லை. அடுத்ததாக நீங்கள் கேட்டதை மொழிபெயர்க்கத்தான் வேண்டியிருந்தது.

"பட்டா எவ்வளவு நேரத்தில சாகும் எண்டு கேள் பிள்ளை."

கேட்டேன். அந்த மனிதர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அப்படிக் கேட்டு யாரும் அவரிடம் துவக்கு வாங்கியிருக்க மாட்டார்கள். எவ்வளவு தூரம் போகும், என்ன விலை என்றுதானே கேட்பார்கள்? அது சுடுகிறவரைப் பொறுத்தது என்று சொல்லிப் பார்த்தார். உங்களுக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை. மருந்து கூடின பெரிய ரவை என்றால் கெதியாகச் சாகும் என்று நீங்களே ஒரு கணக்குப் போட்டு, அங்கிருந்ததிலேயே பொல்லாத, தோளை இடிக்கிற முந்நூறு மக்னத்தைத் தூக்கிக்கொண்டு வந்தீர்கள். கடைக்காரர் தலையை ஆட்டினார். கென்னும் வேண்டாம் என்றார். நீங்கள் யார் சொல்லித்தான் கேட்டீர்கள்?

சுட்டுப் பழகப் போய்விட்டு வந்த அன்று சேர்ட்டைக் கழற்ற முடியாமல் நின்றீர்கள். தோள் கத்தரிக்காய் நிறத்தில் வீங்கியிருந்தது. அண்ணி நல்லெண்ணெயைச் சூடாக்கித் தடவத் தடவ, "மெல்லமாத்தான் தள்ளுது," என்றீர்கள். அண்ணியும் நானும் குசினிக்குள் போய் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். இப்போது அதை நினைத்தாலும் சிரிப்பு வருகிறது அண்ணா, கண்ணீரும் வருகிறது.

வேட்டைக்குப் போய் வெறுங்கையோடு வந்தீர்கள். "ஒண்டையும் காணேல்லை," என்றீர்கள். அவ்வளவுதான் கதை என்று நாங்களும் விட்டுவிட்டோம். அந்த வருஷத்துப் பனி கரைய முன்னமே, நெஞ்சு நோகுது என்று கதிரையில் இருந்தவர் எழும்பவில்லை. இப்படியா அண்ணா போவது? ஒருவருக்கும் ஒன்றும் சொல்லாமலா?

எட்டாம் நாள், எட்டுச் செலவு அன்று உங்களுக்குப் பிடித்ததெல்லாம் சமைத்துப் படத்துக்கு முன்னால் வாழையிலையில் படைத்தோம். விளைமீன் பொரியல், இறால் வறை, கால் போத்தல் விஸ்கியும் வைத்தோம். அப்போது கென் வந்தார். கறுப்புக் கோட்டுப் போட்டு, கையில் கடதாசியில் சுற்றிய இறைச்சி. இதை வைக்கலாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். "உது என்ன சாதி மிருகமெண்டே தெரியாது, படைக்கிறதோ?" என்று சடங்குக்கு வந்திருந்த மாமா இழுத்தார். அண்ணி எழும்பி அதை வாங்கினார். "அவருக்குப் பிடிக்கும். நான் சமைக்கிறன்." அந்தக் கறி வெந்து இலையில் வைக்கும் வரைக்கும் வீடு முழுக்கப் பசியோடு காத்திருந்தது.

அந்த நேரத்தில்தான் கென் என்னைப் பல்கனிக்குக் கூப்பிட்டு, நீங்கள் மறைத்ததைச் சொன்னார்.

நீங்கள் மூஸைக் கண்டிருக்கிறீர்கள்! கொம்போடு பெரியதொன்று, தண்ணீர்க்கரையில், உங்களுக்கு நேரே விலாவைக் காட்டிக்கொண்டு நின்றதாம். துவக்கைத் தூக்கினீர்களாம். கென் காதைப் பொத்திக்கொண்டு பார்த்திருக்க, நீங்கள் அதை மெல்லக் கீழே இறக்கிவிட்டீர்களாம். மூஸ் தன்பாட்டில் போய்விட்டது. ஏன் சுடவில்லை என்று கேட்டதற்கு, இந்தத் துவக்குக்கு என் தோள் பயப்படுகிறது, விசையைத் தொட முன்னமே கண் தானாக மூடுகிறது, கண்ணை மூடிக்கொண்டு சுட்டால் அது கெதியாகச் சாகாது என்று உங்கள் உடைந்த ஆங்கிலத்தில் சொன்னீர்களாம்.

திரும்பி வரும் வழியில், வீட்டுக்குக் கிட்ட வந்ததும் சொன்னீர்களாம்: அடுத்த முறை முந்நூற்றெட்டு. ஆனால் முதலில் தங்கச்சியிடம் கேட்க வேண்டும்.

அண்ணா, ஏன் கேட்கவில்லை? ஒரே மேசையில் எத்தனை நாள் தேத்தண்ணீர் குடித்தோம். ஒவ்வொரு நாளும் கேட்க வாயெடுத்து, என் முகத்தைப் பார்த்துவிட்டு, சீனி காணாது என்று கதையை மாற்றினீர்களா? நீங்கள் கேட்காத கேள்வி எனக்குள் வந்து குந்திவிட்டது. வேலைக்குப் போகிற பஸ்ஸிலும் அதுதான் நினைவு. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன்? எனக்கே தெரியவில்லை. தெரிந்துகொள்ள ஒரு வழிதான் இருந்தது.

வேட்டைக்காரருக்கான வகுப்புக்குப் போனேன். சேலை உடுத்து வந்தவள் நான் ஒருத்திதான், அன்று கோயிலால் நேரே போனபடியால். அனுமதியெல்லாம் எடுத்த பிறகு அண்ணியும் நானும் உங்கள் மக்னத்தை அதே கடையில் கொடுத்து, முந்நூற்றெட்டை வாங்கினோம். அந்தக் கடைக்காரருக்கு உங்களையும் என்னையும் நினைவிருந்தது. ரவைப் பெட்டியை என் கையில் தராமல் மேசையில் வைத்து, மெல்ல என் பக்கம் தள்ளிவிட்டார்.

சுட்டுப் பழகக் கென் கூட்டிப் போன இடத்தில் முதல் வெடி வைத்தபோது எனக்குப் படலைதான் தெரிந்தது. துவக்கைக் கீழே வைத்துவிட்டுக் குலுங்கிக் குலுங்கி அழுதேன். கென் பிளாஸ்கைத் திறந்து கோப்பி ஊற்றித் தந்தார். குடித்து முடித்துவிட்டு மறுபடி எடுத்தேன். கடைக்காரர் சொன்னது சரி, அது தோளை இடிக்கவில்லை. வெடிக்க வெடிக்க அந்தச் சத்தம் கொஞ்சம் கொஞ்சமாகக் கென்னின் கோப்பியோடும் தேவதாரு வாசத்தோடும் சேர்ந்துவிட்டது. கண் மூடுவது நின்றது.

போன கிழமை வடக்கே போனோம். நீங்கள் நின்ற அதே தண்ணீர்க்கரை, கென் காட்டினார். விடிந்து கன நேரத்துக்குப் பிறகு பற்றை விலகி ஒரு மூஸ் வந்தது. நான் பயப்படவில்லை அண்ணா. ஐயாவையும் நினைக்கவில்லை. நீங்கள் கடையில் கேட்ட கேள்வியை மட்டும் நினைத்தேன். முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால், வகுப்பில் சொல்லித் தந்த இடத்தில், கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு சுட்டேன்.

இரண்டு மூன்று அடி நடந்தது. முழங்கால் மடிந்தது. கென்னும் நானும் கிட்டப் போகும்போது எல்லாம் முடிந்திருந்தது. அது ஒருதரமும் கத்தவில்லை. தண்ணீர் கேட்கிற நேரம்கூட அதற்கு இருக்கவில்லை. உங்கள் கேள்விக்குப் பதில் அதுதான்.

அன்று வெள்ளிக்கிழமை. வேட்டையாடிய அன்றே ஈரலைப் பொரித்துத் தின்பது கூட வந்த வேட்டைக்காரரின் வழக்கமாம். சுட்டவளே தின்னாமல் பாணும் சம்பலுமாக இருந்ததைக் கண்டு கென்னின் ஆட்கள் வாயைப் பிளந்தார்கள். நீங்கள் இருந்திருந்தால் வெள்ளியென்ன செவ்வாயென்ன என்று இரண்டு பேர் பங்கையும் வெட்டியிருப்பீர்கள்.

நாளைக்கு அண்ணி அந்த இறைச்சியைச் சமைக்கிறார். முதல் அகப்பை உங்கள் படத்துக்கு. சட்டிக்குள் சோறு பிசைகிற வேலையை உங்களுக்காக நான் பார்த்துக்கொள்கிறேன்.

கேளுங்கள் அண்ணா, இப்போது கேளுங்கள். ஓம், முந்நூற்றெட்டு எங்கள் வீட்டில் இருக்கலாம். இனி ஒவ்வொரு வேட்டைக் காலமும் அது என்னோடு வரும். தோளிலோ மனதிலோ ஒரு துளி பயம் இருந்தாலும், உங்களைப் போல அதைக் கீழே இறக்கிவிட்டு வெறுங்கையோடு வீட்டுக்கு வருவேன். என் கையால் சாகிற எந்த உயிரும் எங்கள் ஐயாவைப் போலக் காத்துக் கிடக்காது. இது சத்தியம்.

காதைப் பொத்துவதை விட்டுவிட்ட,
உங்கள் தங்கச்சி மணி