புயலில் விழுந்த பனைகள்

அன்புள்ள அத்தாவுக்கு ஷமீராவின் சலாம். சர்க்கரை மாத்திரையை வேளை தவறாமல் போடுகிறீர்களா? ஷார்ஜாவில் எனக்கு ஒரு குறையும் இல்லை, கோபம்தான் இருக்கிறது. போனில் பேசினால் சத்தம் போட்டுவிடுவேன் என்பதால் எழுதுகிறேன்.

"நம்ம ஏரி இப்ப எப்படி இருக்கு, ஒரு போட்டோ அனுப்புங்க அத்தா" என்று ரமலானில் கேட்டேன். அனுப்பினீர்கள். பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திவிட்டு வந்து தினமும் அதைப் பார்த்து எண்ணெய் வண்ணத்தில் வரைந்தேன். தண்ணீருக்கு மட்டும் ஒன்பது நாள் ஆனது. நேற்று கரையிலிருக்கும் இரட்டைப் பனையை வரையும்போது கை நின்றுவிட்டது. அவை இரண்டும் கஜா புயலில் விழுந்தவை. அறுக்க ஆள் பிடித்ததே நீங்கள்தான்.

தம்பி மனைவி ரிஃப்காவைக் கேட்டேன்.

"ஏரியா? மண்ணடிச்சு மனை போட்டு ஒரு வருஷம் ஆச்சேக்கா. நடுவுல ஒண்ணு உங்க பேர்ல மாமா வாங்கியிருக்காங்களே, சொல்லலியா?"

ஏரி போனது உங்கள் குற்றமில்லை. மனை வாங்கியதும் என் நன்மைக்குத்தான் என்பீர்கள். ஆனால் பழைய போட்டோவை அனுப்பி இல்லாத தண்ணீரை ஏன் காட்டினீர்கள்? நாற்பத்தாறு வயதில் எனக்கு எது தாங்காது என்று நீங்களாகவே முடிவு செய்தீர்களா?

வண்ணம் காயவில்லை. தண்ணீர் முழுவதையும் கத்தியால் சுரண்டி எடுத்துவிட்டேன். இப்போது அந்த இடத்தில் என்ன இருக்கிறதோ அதைப் போட்டோ எடுத்து அனுப்புங்கள். என் மனையின் எல்லைக் கல் தெரிய வேண்டும்.

பள்ளி பஸ் வந்துவிட்டது. அங்கே இப்போது நிழல் இருக்காது, வெயில் தாழ்ந்த பிறகு போங்கள்.

ஷமீரா