தொழில் தெரிந்த எவருக்கும்

திருவண்ணாமலை,
18-12-1986

அன்புள்ள பரசுராமனுக்கு,

சக்கரபாணி எழுதுவது. இங்கே நானும் சரசுவும் இருக்கிறோம். சௌக்கியம் என்று எழுதக் கை வரவில்லை. தீபத்துக்கு வந்த கூட்டம் இன்னும் ஊர் திரும்பிக்கொண்டிருப்பதால் மெட்ராஸ்வரை பஸ்ஸில் நின்றுகொண்டே போய் வக்கீலைப் பார்த்தேன். அமெரிக்காவிலிருந்து நீ அனுப்பிய பிரமாணப் பத்திரத்தை அவர்தான் படிக்கக் கொடுத்தார்.

சிலிக்கான் தகட்டைப் பாலிஷ் போடும் என் முறைக்குக் காப்புரிமை மறுத்துவிட்டார்கள். ஹைகோர்ட்டில் என் அப்பீல் ஜனவரியில் வருகிறது. எதிர்த்து நிற்பது நீ இப்போது வேலை பார்க்கும் கம்பெனி. "தொழில் தெரிந்த எவருக்கும் இது சட்டென்று தோன்றியிருக்கும்" என்று நீ கையெழுத்துப் போட்டிருக்கிறாய். அப்படித் தோன்றக்கூடியதற்குக் காப்புரிமை கிடையாதாம். இங்கிலீஷ் நன்றாகத்தான் இருக்கிறது.

பெங்களூர் தொழிற்சாலையில் நாம் இருவரும் ஏழு மாதம் அல்லாடினோமே, அப்போது எவருக்குத் தோன்றியது? கீறல் போகவில்லை என்று, தகட்டை அழுத்த வைக்கும் எடையை ஏற்றிக்கொண்டே போனோம். கடைசி இரண்டு நிமிஷம் எடையை எடுத்துவிட்டு வெறும் தண்ணீர் விட்டுப் பார்க்கலாம் என்று நான் சொன்னபோது, "பைத்தியமாடா உனக்கு? எடைய கம்மி பண்ணா சாயந்திரம் வரைக்கும் தேய்ச்சாலும் ஆவாது" என்றாய்.

நீ எழுதியிருக்கிறபடி, லென்ஸ் தேய்க்கும் புத்தகம் ஒன்றில் எடையைக் குறைக்கும் பாடம் இருக்கிறதாம். இன்னொன்றில் தண்ணீர் இருக்கிறதாம். இரண்டையும் சேர்த்தால் என் முறை வந்துவிடுகிறதாம். அந்த இரண்டும் நம் அலமாரியில்தான் கிடந்தன. ஒன்றின்மேல் உன் டீ கிளாஸ் இருக்கும்.

அந்த ஏழு மாதம் நாம் தோற்றதற்கு எழுத்தில் ஏதாவது ஆதாரம் உண்டா என்று வக்கீல் கேட்டார். என்னவென்று சொல்வேன்? சூப்பர்வைசருக்குப் பயந்து, கெட்டுப்போன தகடுகளை டிபன் டப்பாவில் எடுத்துப்போய் ஏரியில் போட்டோம். நோட்டில் சரியாக வந்ததை மட்டும் எழுதினோம். இப்போது அந்த நோட்டைப் பார்க்கிறவர்களுக்கு எல்லாம் முதல் தடவையே வந்ததுபோல் இருக்கிறது. நாம் தோற்றதற்கு நீ ஒருவன்தான் சாட்சி.

எழுதாதீங்க, மானம்தான் போகும் என்கிறாள் சரசு. எனக்கு மனசு அடங்கவில்லை.

கோர்ட்டில் உன் வார்த்தையை மாற்றச் சொல்லவில்லை. உனக்கு வேலை முக்கியம், பிள்ளைகள் படிக்கிறார்கள். எனக்கு மட்டும் ஒரு வரி எழுது. அந்த ஏழு மாதத்தில் ஒருநாளாவது உனக்கு அது தோன்றியதா? வக்கீலிடம் காட்டமாட்டேன்.

அண்ணாமலையார் உன்னையும் குழந்தைகளையும் நல்லபடியாக வைக்கட்டும். இதை மனசாரத்தான் எழுதுகிறேன். அதுதான் எனக்கு ஆத்திரமாக வருகிறது.

இப்படிக்கு,
சக்கரபாணி