வலை உடுப்பு

காரைக்கால்மேடு,
வெள்ளிக்கிழமை.

அன்பு மகள் ஓவியாவுக்கு அம்மா எழுதிக்கொள்வது. நாங்கள் சுகம். பெங்களூரில் நீ வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா? பார்சலைப் பிரித்ததும் உடுப்பை எடுத்து உதறாதே. முதலில் உட்கார்ந்து இதைப் படி.

லீவில் நீ தைத்த உடுப்பை, கிளம்பும்போது நீ சொன்னபடி, கவிச்சி போக இரண்டு தரம் சோப்புத் தண்ணீரில் அலசிக் கொல்லைக் கொடியில் காயப்போட்டேன். தெருவே வந்து பார்த்துவிட்டுப் போனது. கிழிந்த வலையில் பாவாடை, இடுப்பைச் சுற்றித் தக்கை, தோளில் ஐஸ் பெட்டித் தெர்மாகோல்! இதை எந்தக் கடையில் விற்பார்கள், போட்டுக்கொண்டு பஸ்ஸில் எப்படி உட்காருவார்கள் என்று ஆளுக்கொரு கேள்வி. எனக்குத் தெரிந்தால்தானே சொல்ல? மனசு கேட்காமல் கதவைச் சாத்திவிட்டு நானே மாட்டிப் பார்த்தேன். நடந்தால் தக்கையெல்லாம் கடகடவென்கிறது. பீரோ கண்ணாடி முன்னால் நின்று கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தேன். சிரித்து முடித்த பிறகும் கழற்ற மனம் வரவில்லை. அது ஏன் என்று நீதான் சொல்ல வேண்டும்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். மீன்பிடித் தடைக்காலம், படகெல்லாம் கரையில். அப்பா வீட்டோடு உட்கார்ந்து வலை சரிபார்க்கிறார். நர்சிங் வேண்டாமென்று நீ இந்த உடுப்பு டிசைன் படிப்புக்குப் போனதிலிருந்து உன் பேரையே எடுக்காத மனுஷர், லீவிலும் உன்னிடம் முகம் கொடுத்துப் பேசாதவர், நான் டவுனுக்குப் போய்த் திரும்புவதற்குள் ஒரு வேலை செய்துவிட்டார். பாவாடையில் நீ பார்த்துப் பார்த்து விட்டுவைத்த ஓட்டைகளை ஒன்றுவிடாமல் பின்னி அடைத்துவிட்டார். அதுவும் தன் வலைக்கென்று வாங்கி வைத்திருந்த புது நைலான் நரம்பால்.

"அய்யோ, அந்த ஓட்டதாங்க அதுக்கு அழகே, அதுக்குத்தான் மார்க்கு போடுவாங்களாம்" என்று தலையில் அடித்துக்கொண்டேன். நீயே அதைப் போட்டு மேடையில் நடக்கப்போகிறாய் என்று முன்பு நான் சொன்னது அவர் மனசில் தங்கிவிட்டது போல. "கிழிஞ்சதப் போட்டுக்கிட்டு எம்புள்ள நாலு பேரு முன்னாடி நிக்கணுமா?" என்றார். சரி, அறுத்துவிடுங்கள் என்றேன். முழு வலையில் கத்தி வைக்க மாட்டேன் என்று எழுந்து கடற்கரைக்குப் போய்விட்டார்.

நானே கத்தரிக்கோலை எடுத்தேன். கை வரவில்லை, பாப்பா. ஒவ்வொரு முடிச்சிலும் நரம்பின் நுனியைச் சுட்டு உருட்டியிருக்கிறார், உன் உடம்பில் குத்தக்கூடாதென்று. மீன் வலைக்கு யாராவது அப்படிச் செய்வார்களா?

புதன்கிழமை உன் காலேஜ் கண்காட்சிக்கு அறுத்துப் போடுவதா, அப்படியே போடுவதா, உன் இஷ்டம். உன் மார்க்குக் குறைந்தால் எனக்கும் வயிறு எரியும். காளியம்மன் உன் கூடவே நிற்பாள்.

திட்டுவதென்றால் என்னைத் திட்டாதே. அப்பா நம்பருக்கே அடித்து வாய் நிறையத் திட்டு. எடுப்பார். இரண்டு நாளாகப் போனைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிகிறார்.

உன் அம்மா
காசியம்மா