நாற்பத்தொரு கையெழுத்து

அன்பு மகள் செலெஸ்துக்கு,

படகுத்துறையை விற்றுவிட்டேன். ஐஸ் கிடங்கும் சேர்த்துத்தான். செவ்வாய்க்கிழமை கையெழுத்தானது. இதைச் சொன்ன பிறகுதான் நலம் விசாரிக்க வேண்டும் என்று அம்மா கட்டளை. நீயும் மருமகன் தோமாஸும் சுகமாக இருக்க வேண்டும். கவுனாஸில் இப்போதே பனி விழுகிறது என்று எழுதியிருந்தாய், காதை மூடிக்கொண்டு வெளியே போ. எங்கள் உடம்புக்கு ஒன்றுமில்லை, அம்மாவின் முழங்கால் மட்டும் பழையபடி.

ஏன் விற்றாய் என்று கேட்பாய், மறைக்காமல் எழுதுகிறேன். நான்கு வருடத்துக்கு முன்னால் உங்கள் ஊருக்கு வந்துகொண்டிருந்த எரிவாயு நின்று, விலை ஏறி, வீட்டுக்குள்ளேயே கோட்டுப் போட்டுக்கொண்டு சாப்பிடுவதாக எழுதினாயே, அந்தக் கடிதம் அடுத்த படகு ஆசீர்வாத நாள் வரை என் சட்டைப் பையிலேயே கிடந்தது. அன்று பாதிரியார் தீர்த்தம் தெளித்து முடித்து, நண்டு வெந்துகொண்டிருந்தபோது ஓர் ஆள் காகிதத்தோடு வந்தான். நட்பு நாடுகளுக்கு எரிவாயுவைச் சீக்கிரம் அனுப்பச் சட்டம் வேண்டும், கடற்கரைக்காரர்களும் அதைக் கேட்கிறார்கள் என்று காட்ட வேண்டும் என்றான். ஆசீர்வாத நாளில் கேட்டதை மறுத்தால் அந்தப் பருவம் வலை காலியாக வரும் என்பது நம் துறையின் நம்பிக்கை, மற்றவர்கள் அதற்குப் பயந்து போட்டார்கள். நான் உன் கோட்டை நினைத்துப் போட்டேன். மூடியைத் தூக்காமலே பெட்டியில் இறால் எவ்வளவு, ஐஸ் எவ்வளவு என்று சொல்கிறவன், அந்தக் காகிதத்தின் இரண்டாம் பக்கத்தைத் திருப்பவில்லை. முதல் பெயர் என்னுடையது, கீழே நாற்பது படகுக்காரர்கள்.

அந்த இரண்டாம் பக்கத்தில் இருந்தபடியே சட்டம் வந்தது. வாங்குகிற நாடு நட்பு நாடு என்றால் அந்த ஏற்றுமதி பொதுநலன் என்றே எடுத்துக்கொள்ளப்படுமாம், அதற்கு மேல் விசாரணை இல்லை. நம் துறைக்கு எதிர்க்கரையிலேயே, எரிவாயுவைக் குளிர்வித்துக் கப்பலில் ஏற்றும் இரண்டாவது ஆலை எழும்பிவிட்டது. அந்தக் கப்பல்கள் நுழையக் கால்வாயை ஆழப்படுத்தித் தோண்டிய சேறு இறால் வளரும் சதுப்பில் போய்ப் படிந்தது. கப்பல் வரும்போதெல்லாம் வலையைச் சுருட்டிக்கொண்டு ஒதுங்க வேண்டும், ஒரு நாளைக்கு மூன்று முறை. நாற்பது படகில் இப்போது ஒன்பதுதான் என் துறைக்கு வருகிறது. ஆட்சேப மனு எழுதிக்கொண்டு, ஆலைக்கு அனுமதி கொடுக்கும் நகரத்து அலுவலகத்துக்குப் போனேன். அங்கிருந்த பெண் தன்மையானவள்தான். “ஐயா, மனுவ வாங்கிக்கிறேன், ஆனா எந்தக் கோப்புல வைக்கிறது? பொதுநலன் விசாரணைக் கோப்பையே இப்ப எடுத்துட்டாங்களே” என்றாள். பிறகு, நாங்களே கேட்டு வந்த சட்டம் என்று என் கையெழுத்தையும் எடுத்துக் காட்டினாள்.

போன வாரம் அல்சீட் தன் படகை விற்றுவிட்டுச் சொல்ல வந்தான். முப்பது வருடம் எனக்கு மட்டுமே இறால் போட்டவன். திட்டுவான் என்று பார்த்தேன், திட்டவில்லை. “நான் படிக்கலண்ணே. மேல உங்க பேர் இருந்துச்சு, நீங்க படிச்சிருப்பீங்கன்னு நெனச்சேன்” என்றான். காப்பியைக் குடிக்காமலே போய்விட்டான். மறுநாள்தான் ஆலைக்காரர்களுக்கு நானே போன் செய்தேன். பேரம் பேசவில்லை, எதிராளி சொன்ன விலைக்கு நான் தலையாட்டியது இதுதான் முதல் தடவை.

இதை உன் தலையில் தூக்கிப் போட்டுக்கொள்ளாதே. படிக்காமல் போட்டது நான். நீங்கள் இருவரும் குறைவின்றி வாழ வேண்டும், கடவுள் துணை இருப்பார். ஒன்றை மட்டும் மறக்காதே, வீட்டுக்குள் கோட்டுப் போட்டுக்கொண்டு உட்காராதே, சூட்டைத் தாராளமாகக் கூட்டி வை. இங்கிருந்து போவதுதான் அது.

இப்படிக்கு,
உன் அப்பா ஓவீட்
கேமரன், லூசியானா

எழுத விட்டுப்போனது: விலை மூன்று லட்சத்துப் பத்தாயிரம் டாலர். டிசம்பர் முடிவதற்குள் காலி செய்ய வேண்டும். இந்த ஆலையை எதிர்த்து நானோ என் வாரிசுகளோ இனி எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போடக் கூடாது. இந்தத் தடவை எல்லாப் பக்கமும் படித்தேன். வாரிசு என்றால் நீ.