படைவீரர்களின் எம்.எல்.ஏ.

நண்பா,

உன் நினைவாகக் கட்சிக்காரர்கள் அச்சடித்த புத்தகம் பத்து நாளாக என் மேஜைமேல் கிடக்கிறது. அச்சு மை வாசனை இன்னும் போகவில்லை. அட்டையில் நீ சிரிக்கிறாய். கீழே ‘படைவீரர்களின் எம்.எல்.ஏ.’ என்று போட்டிருக்கிறது. ராணுவத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். நீ ஒரு நாள்கூடத் துப்பாக்கியைத் தொட்டதில்லை. அந்த வரியைப் பார்த்துக்கொண்டே இருந்ததில் காபி ஆறிப்போனது.

உள்ளே உன் சட்டமன்றப் பேச்சுகள். எல்லையில் இறந்தவர்களின் மனைவிமாருக்கு வேலை கேட்டிருக்கிறாய். ஊர்க்காவல் படையினருக்குச் சம்பளத்தை உயர்த்தச் சொல்லியிருக்கிறாய். நம் மலைப்பாதையில் எந்நேரமும் ஆள் இருக்கிற சோதனைச்சாவடியைச் சண்டை போட்டு வாங்கினாய். முன்னாள் வீரர்களுக்கு மலையிலேயே ஒரு மலிவு விலைக் கேண்டீன் வேண்டும் என்று மூன்று முறை கேட்டும் வரவில்லை. புத்தகம் அதை ‘வலியுறுத்தினார்’ என்று நாசூக்காக முடித்துவிட்டது. அந்த இடத்தில் எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாக இருந்தது. உன்னிடம் மறைப்பானேன்.

சேலத்தில் ராணுவ ஆளெடுப்புக்கு இருவரும் ஒன்றாகத்தான் போனோம். உனக்கு மார்பளவு அரை அங்குலம் குறைந்தது. திரும்பும் பஸ்ஸில் நீ ஜன்னலைவிட்டுத் திரும்பவே இல்லை. நான் தேர்வாகி வடக்கே போனேன். நீ காபி எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர் ஆனாய்; பிறகு அரசியல். ஓய்வு பெற்று வந்த நான், பதக்கங்களைச் சட்டையில் குத்திக்கொண்டு உன்னை எதிர்த்துச் சுயேச்சையாக நின்றேன். மலையிலிருக்கும் சிப்பாய் வீட்டு ஓட்டெல்லாம் எனக்கே என்று நம்பினேன். டெபாசிட்கூட மிஞ்சவில்லை.

நீ ஜெயித்ததற்கு வாழ்த்துச் சொல்ல வந்த இடத்தில் உன்மேல் எரிந்து விழுந்தேன். சீருடை போட்டவன் நான், பெயர் மட்டும் உனக்கா என்று கேட்டேன். நீ கூட்டத்தை வெளியே அனுப்பிவிட்டுச் சொன்னாய்:

“அந்தச் சட்டை எனக்குக் கெடச்சிருந்தா இந்தப் பதவிய நான் திரும்பிக்கூடப் பாத்திருக்க மாட்டேன்டா. நீ லீவுல வர்றப்பெல்லாம் நான் ஊர்லயே இருக்க மாட்டேன், கவனிச்சயா? உன்னயப் பாக்கப் பொறுக்காது.”

அரசியல்வாதியின் பேச்சு என்று எழுந்து வந்துவிட்டேன். அதன்பின் சேர்வராயன் கோயில் திருவிழாவில் எதிர்ப்பட்டாலும் தலையசைப்போடு சரி. நீ போன அன்றும் மாலையைப் போட்டுவிட்டு உடனே திரும்பினேன்.

புத்தகம் வந்த அன்று என் மனைவியிடம் புலம்பினேன். அவள் காபிப் பழத்தைக் காய வைத்துக்கொண்டிருந்தாள். நிமிராமலே சொன்னாள்:

“ஏனுங்க, நீங்க சண்டையில இருந்தப்போ நொம்ப நாளா சேதியே இல்லீங்க. அவருதானுங்க எஸ்டேட்டுக்கு லீவு போட்டுட்டு தெனமும் சேலத்துக்குப் போயி அந்தப் பட்டாளத்து ஆபீசுல உக்காந்தாரு. நீங்க உசுரோட இருக்கறீங்கன்னு ஊட்டுக்கு வந்து சொன்னதே அவருதான். உங்ககிட்டச் சொல்ல வேண்டாம்னுட்டாரு.” பழத்தைக் கிளறிவிட்டு, “என்ற ஓட்டும் அவருக்குத்தானுங்க” என்றாள்.

அப்போது உனக்கு எந்தப் பதவியும் இல்லை. புத்தகத்திலும் இது இல்லை.

நேற்று கொட்டச்சேடு கிராமத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். கணவன் எல்லையில், இரண்டு வாரமாகப் போன் இல்லை. உன் வீட்டைத் தேடி வந்தவளை யாரோ என்னிடம் அனுப்பியிருக்கிறார்கள். சேலத்துக்கு, அதே அலுவலகத்துக்கு அழைத்துப் போனேன். ஹவில்தார் என்று சொன்னேன். வெளியே பெஞ்சைக் காட்டினார்கள். மதியம்வரை உட்கார்ந்திருந்தோம். அவள் முகத்தைப் பார்க்க முடியாமல், கடைசியில் உன் பெயரைச் சொல்லி, அவருடைய சிநேகிதன் என்றேன். அங்கிருந்த அதிகாரி எழுந்தே நின்றுவிட்டார். “அய்யாவோட ஆளுங்களா? முன்னயே சொல்லக்கூடாதுங்களா?” என்றார். சாயங்காலத்துக்குள் கணவனே அவளிடம் பேசிவிட்டான்.

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். எனக்கு வயிறு எரிந்தது.

நாளைக்கு இன்னொருத்தி வந்து நின்றாலும் கூட்டிக்கொண்டு போவேன். உன் பெயரைத்தான் சொல்லுவேன். வயிறு எரிய எரியத்தான் சொல்லுவேன்.