மிசினா, மிசனா

கல்முனை
செவ்வாய்க்கிழமை

அன்பு மகள் கஜனிக்கு,

நானும் அம்மாவும் இங்கு சுகம். நீயும் பயிற்சிக்கு வந்த உன் குழுவில் உள்ளவர்களும் அந்த நுவரெலியாக் குளிரில் சுகமாக இருக்க நான் முருகனிடமும் அம்மா அவளுடைய கர்த்தரிடமும் கேட்டுக்கொண்டிருக்கிறோம், இரண்டு பேரில் ஒருவராவது கட்டாயம் கவனிப்பார். அப்பாவின் கையெழுத்தைக் கண்டதும் நீ பயந்திருப்பாய், பயப்பட ஒன்றும் இல்லை. மூன்று மாதமாக உன் தொலைபேசி வரும் நேரமெல்லாம் குளிக்கப் போன மனிதன் இப்போது ஏன் எழுதுகிறான் என்றுதானே நினைக்கிறாய். சொல்கிறேன், கொஞ்சம் சுற்றிவளைத்துத்தான் சொல்வேன், உனக்கு என்னைத் தெரியும்.

நீங்கள் கடல் கடந்து போகுமுன் நடக்கிற வழியனுப்பு ஆராதனையில் தாய் தகப்பன் இரண்டு பேரும் கைப்பட எழுதிய சம்மதக் கடிதத்தை வாசிப்பார்கள் என்று போதகர் அறிவித்ததும் எனக்குத் தெரியும், அம்மாவின் கடிதம் போன மாதமே அங்கு வந்துவிட்டதும் தெரியும், அப்பா எழுதாவிட்டால் போகமாட்டேன் என்று நீ அம்மாவிடம் சொன்னதும் தெரியும். எழுதாமல் இருந்தால் நீ திரும்பி வந்துவிடுவாய் என்று எனக்கு ஒரு கள்ள எண்ணம் இருந்தது, ஒளிக்கவில்லை. நீ புறப்பட்ட அன்று அப்பா வயலுக்குத் தண்ணீர் கட்டப் போய்விட்டார் என்று அம்மா சொன்னாளே, அது பொய். மார்கழி மழையில் வயல் வட்டை முழுக்க வெள்ளம் நிற்கும்போது எந்த விசரன் தண்ணீர் கட்டுவான், நான் காவல் வாடிக் குடிலில் சுருண்டு படுத்திருந்தேன். எங்கள் பக்கத்தில் பெண்பிள்ளைக்கு ஒரு வீட்டைக் கட்டிக் கொடுத்த பிறகுதான் தகப்பன் தலை நிமிர்ந்து நடப்பான். உனக்கென்று கட்டிய வீட்டுக்கு நிலம் போட்டு, பூசி, கதவு மாட்டுகிற நேரம் பார்த்து நீ பப்புவா நியூகினியில் ஊழியம், இரண்டு வருடம் என்று நின்றாய். உன் வேதத்தின் மேல் எனக்குக் கோபம் இல்லை மகள். அம்மாவைக் கட்டிய நாள் முதல் நான் சைவம், அவள் கிறிஸ்தவ வேதம், அதில் ஒரு நாளும் எங்களுக்குச் சண்டை வந்ததில்லை, நத்தாருக்கும் பொங்கலுக்கும் கூடச் சாப்பிட்டது நான்தான். ஆள் இல்லாத வீட்டுக்குப் பூட்டு வாங்க நான் தனியாகக் கடைக்குப் போக வேண்டி வந்ததே, அதுதான் கோபம்.

இனி நடந்ததைக் கேள். போன கிழமை இறக்காமத்து வயலில் நெல் வெட்டு. வழக்கம்போல எனக்கு அண்ணன் மாதிரி இருக்கிற வரிப்பத்தான்சேனை றஸாக் காக்காவின் அறுவடை மிசின்தான் இறங்கியது. அது இரைகிற இரைச்சலில் பக்கத்தில் நிற்பவன் கதைப்பதே கேட்காது. மேலே இருந்தபடி அவர் மகள் என்ன செய்யிறா என்று கத்திக் கேட்டார். நானும் கீழே நின்று, மகள் மிசன்ல சேந்துட்டாள் காக்கா, வெளிநாட்டுக்குப் போகப் போறாள் என்று கத்தினேன். மனிதருக்கு விழுந்தது மிசின்ல சேந்துட்டாள் என்று. முகம் கறுத்துப் போயிற்று, வெட்டி முடிந்ததும் தேத்தண்ணியும் குடிக்காமல் மிசினைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். எனக்கோ ஒன்றும் விளங்கவில்லை, நெல் ஈரமாக இருக்கிறதாக்கும் என்று நினைத்தேன். மறுநாள் ஜும்ஆ முடிந்த கையோடு மனைவி ஷாஹினாவையும் கூட்டிக்கொண்டு கல்முனைக்கு வந்துவிட்டார். கதிரையை இழுத்துப் போட்டும் இருக்கவில்லை. தம்பி, பொம்புளப் புள்ளையப் படிக்க வெச்சி நேர்ஸாக்கிப் போட்டு வெளிநாட்டுக்கு மிசின் ஓட்ட அனுப்புறியா, உனக்கு மண்ட பிழையா, ஓடத்தான் வேணுமெண்டா என்ட மிசின் இரிக்கி, இஞ்ச வந்து ஓடட்டும், நான் பழக்கித் தாறன் என்றார். ஷாஹினா ஒரு பக்கம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, யானை வாற வயலெண்டாலும் பரவாயில்ல, நம்மட கண்ணுக்கு முன்னால ஓடட்டும் என்கிறா. அம்மாவுக்கு விளங்கியதும் குசினிக்குள் ஓடிவிட்டாள், அங்கிருந்து அவள் சிரிப்பது கேட்டது. நீ போன பிறகு நானும் வாய்விட்டுச் சிரித்தது அன்றுதான்.

மிசின் இல்லக் காக்கா, மிசன், வேதக்கார ஆக்கள் சேந்து ஊழியம் செய்யப் போற குழு என்று விளக்கினேன். அப்போதும் மனிதர் விடவில்லை. சம்பளம் தருவாங்களா என்றார், இல்லை என்றேன். மறுகா என்னத்துக்குப் போறா என்றார். இதே கேள்வியை நான் உன்னிடம் எத்தனை தரம் கேட்டிருப்பேன், நீ சொன்ன பதில் ஒன்றும் என் காதில் ஏறவில்லை என்றுதான் நானே நினைத்திருந்தேன். வாயைத் திறந்தால் எல்லாம் வருகிறது. அந்த ஆற்றங்கரை ஊர்களில் பிள்ளைப்பேற்றுக்கு ஆஸ்பத்திரி போக ஒன்றரை நாள் வள்ளத்தில் இருக்க வேணும் காக்கா, இவள் வள்ளத்தில் மருந்தை ஏற்றிக்கொண்டு அவர்களிடம் போகப் போறாள், வேதத்துக்கு வந்தவள் வராதவள் என்று பார்க்கமாட்டாள் என்று அரை மணித்தியாலம் உனக்காக வழக்காடினேன். அவர் தேத்தண்ணியைக் குடித்து முடித்து, அப்ப இது நன்மை கிடைக்கிற நல்ல அமல்தானே தம்பி, நீ ஏன் மறிச்சிக்கிட்டு நிக்காய் என்று கேட்டார். நான் மறிக்கிறேன் என்று அவரிடம் சொல்லவே இல்லை, முகம் சொல்லியிருக்கும். அவர்கள் போன பிறகு அம்மா, இவ்வளவும் அவருக்குச் சொன்ன வாயால புள்ளைக்கு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே என்றாள். எனக்கு வெட்கமாக இருந்தது மகள். உன்னை நினைக்கப் பெருமையாகவும் இருந்தது.

வீட்டைப் பற்றி நீ யோசிக்க வேண்டாம். எங்கள் பகுதிக்குப் புதிதாக வந்த மருத்துவிச்சி இருக்க இடம் தேடுகிறா, நீ வரும்வரை அவ இருக்கட்டும் என்று பேசியிருக்கிறோம், விளக்கெரியாமல் கிடக்காது. இந்தக் கடிதத்தை மரக்கறி லொறியில் வருகிற உன் மச்சான் டிலக்சனிடம் கொடுத்து விடுகிறேன், தபாலை நம்பினால் ஞாயிறு ஆராதனை முடிந்துதான் வரும். கூடவே ஷாஹினா கிண்டிய இனிப்புத் தொதலும் அம்மா இடித்த கருவாட்டுச் சம்பலும் வருகிறது. தொதலைக் குழுவுக்குக் கொடு, சம்பலை ஒளித்து வை. அங்கே நுளம்பு கடித்து வருகிற மலேரியாக் காய்ச்சல் பொல்லாதது என்றாயாம், நேர்ஸுக்குப் படித்தவள்தான் மருந்து குடிக்க மறப்பாள், மறக்காதே. ஆற்றில் முதலையும் இருக்கிறதாம், நம்முடைய கடலில் காட்டிய நீச்சல் சேட்டையை அதனிடம் காட்ட வேண்டாம்.

போதகர் ஐயா வாசிக்க வேண்டிய பகுதி இனித்தான் வருகிறது, மேலே உள்ளதை அவர் வாசித்துவிட்டால் சபைக்கு என் மானம் போய்விடும். கல்முனையைச் சேர்ந்த கதிர்காமன் ஆகிய நான், என் ஒரே மகள் கஜனியை முழு மனதோடு இந்த ஊழியத்துக்கு அனுப்புகிறேன். அவளை யாரும் என்னிடமிருந்து பறிக்கவில்லை. நான்தான் தருகிறேன், இரண்டு வருடத்துக்கு.

அம்மாவின் தெய்வமும் என் தெய்வமும் உனக்கு முன்னும் பின்னும் வரட்டும், நோய் நொடி இல்லாமல் நல்லாயிரு மகள். பஸ் நிலையத்துக்கு நான் வரவில்லை. விமான நிலையத்துக்கு வருவேன், அம்மா ஏற்கெனவே நான் உடுத்துவர என் வெள்ளைச் சேட்டைத் தோய்த்துக் காயப்போட்டுவிட்டாள். எத்தனை மணிக்கு என்று மட்டும் சொல். இது கிடைத்ததும் தொலைபேசி எடு, நான் குளித்துவிட்டேன்.

சம்மதத்துடன்,
உன் அப்பா
க. கதிர்காமன்